சிறு நடுக்கங்கள் வந்தால் பெரியது வராதா?

வணக்கம். நிலநடுக்கம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு பகுதியில் சின்னச் சின்ன நடுக்கங்கள் அடிக்கடி வந்தால் உள்ளே சேர்ந்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், பெரிதாக எதுவும் வராது என்கிறார்களே, சரிதானா? இத்தனை நடுக்கங்களின் பதிவு கையில் இருக்கும்போது, எங்கே எவ்வளவு அழுத்தம் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்குப் பதில், சரியில்லை. இதை நம்பி யாரும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நிலநடுக்க அளவில் ஒரு எண் ஏறினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு ஏறுகிறது, இரண்டு எண் ஏறினால் ஆயிரம் மடங்கு. ஆக, 7 அளவுள்ள ஒரு நடுக்கத்துக்கு ஈடுகட்ட 5 அளவில் ஆயிரம் வர வேண்டும். ஆனால் நிலநடுக்க ஆய்வாளர்கள் குட்டன்பர்க்கும் ரிக்டரும் கண்ட விகிதப்படி, ஒரு 7க்குச் சுமார் நூறு 5தான் வருகிறது. மீதியைப் பெரியதுதான் தீர்க்கிறது.

அப்படியானால் சின்னவற்றைப் பதிந்து என்ன பயன்? பாறையை எது எந்தப் பக்கமிருந்து நெருக்குகிறது என்பதை அவைதான் காட்டுகின்றன. நடுக்கத்தின் முதல் அலை ஒரு நிலையத்தை அடையும்போது கருவியின் கோடு முதலில் மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மேலே போனால் அந்தத் திசையில் பாறை தள்ளப்பட்டிருக்கிறது, கீழே இறங்கினால் இழுக்கப்பட்டிருக்கிறது. சுற்றியுள்ள நிலையங்களையெல்லாம் குறித்தால் தள்ளல், இழுப்பு, தள்ளல், இழுப்பு என்று நான்கு கால்பகுதிகள் பிரிகின்றன. அவற்றைப் பிரிக்கும் இரண்டு தளங்களில் ஒன்றுதான் நழுவிய பிளவு, அதாவது இரு பக்கப் பாறையும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த வெடிப்பு. எது என்பதை அந்த ஒரு நடுக்கத்தின் முதல் அசைவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பிளவு பலவீனமானது, விசை கோணலாக வந்தாலும் நழுவிவிடும். அதனால் ஒரே ஒரு நடுக்கத்தைப் பார்த்து அழுத்தத்தின் திசை இதுதான் என்று முடிவுகட்டினால் பல பாகை தவறிப்போகலாம் என்று புவி இயற்பியலாளர் மெக்கன்சி 1969லேயே எச்சரித்தார். வெவ்வேறு கோணங்களில் கிடக்கும் பல பிளவுகளின் நடுக்கங்களைச் சேர்த்து, எந்த ஒரே அழுத்தநிலை இருந்தால் இவை எல்லாம் நழுவியபடியே நழுவியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவதுதான் வழி. சின்ன நடுக்கங்களை நான் இவ்வளவு மதிப்பது இதனால்தான்: பெரியவை அபூர்வம், கணக்குக்குக் கூட்டம் வேண்டும்.

இமயமலையைப் பாருங்கள். 2015இல் நேபாளத்தை உலுக்கிய 7.8 நடுக்கம், நெருக்கலால் ஒரு பாறைத்தொகுதி இன்னொன்றின் மேல் ஏறியதால் வந்தது. அங்கிருந்து வடக்கே திபெத் பீடபூமிக்குப் போனால், நிலம் கிழக்கு மேற்காக இழுபட்டு ஒரு பக்கம் கீழே இறங்கும் நடுக்கங்கள் நிறைய. இந்தியத் தட்டும் ஆசியத் தட்டும் மோதும் ஒரே மோதலின் இரண்டு முகங்கள்! இதை நிலத்தின் மேல் நின்று மட்டும் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம்.

அடுத்து 'எவ்வளவு'. மேலே சொன்ன கணக்கு திசையைத் தரும், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் இருக்கும் முதன்மை அழுத்தங்களில் நடுவிலுள்ளது பெரியதற்கும் சிறியதற்கும் இடையே எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் தரும், மொத்த அளவைத் தராது. ஒரு நடுக்கத்தில் அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று அலைகளிலிருந்து மதிப்பிடலாம், பெரும்பாலும் 1 முதல் 10 மெகாபாஸ்கல் வரை வரும், ஆனால் அதற்கு முன் எவ்வளவு இருந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது அதில் கிடையாது. எப்போதாவது இயற்கையே கொஞ்சம் திறந்து காட்டும். 2011 மார்ச் 11இல் ஜப்பானின் தோஹோகு கடலோரத்தில் 9.0 வந்தது. அங்கே கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் புகுகிறது. அதுவரை நெருக்கலில் இருந்த அந்த மேல்தட்டில், அதன்பின் இழுபடுவதால் வரும் நடுக்கங்கள் கூட்டமாக வந்தன. திசை அப்படிப் புரள வேண்டுமானால், அந்த ஒரு நடுக்கம் எடுத்துக்கொண்டதும் அதற்கு முன் இருந்ததும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்திருக்க வேண்டும், அதாவது சேர்ந்திருந்ததில் பெரும்பகுதி ஒரேயடியாகப் போயிற்று.

சின்னதுக்கும் பெரியதுக்கும் உள்ள விகிதம் குறைந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்றும் ஒரு கருத்து உண்டு. ஆய்வகத்தில் பாறையை நசுக்கியபோது அப்படித்தான் தெரிந்தது. ஆனால் பட்டியலில் விடுபட்ட சிறு நடுக்கங்களே அந்த விகிதத்தை மாற்றிவிடும் என்பதால், அதை மட்டும் வைத்து ஒரு ஊரைப் பயமுறுத்துவதையோ சமாதானப்படுத்துவதையோ நான் ஏற்கமாட்டேன்.

நாள் குறித்துச் சொல்ல இந்தத் தரவு உதவாது. திசை தெரிந்தால், வரைபடத்தில் இருக்கும் பிளவுகளில் எது நழுவ வாகான கோணத்தில் கிடக்கிறது, எது குறுக்கே இறுகிக் கிடக்கிறது என்று பிரித்துவிடலாம். அணையோ அணு உலையோ கட்ட இடம் பார்ப்பவர்களுக்கு அது மிகவும் தேவையான தகவல்.

அன்புடன்