ஜோடி இல்லாமல் போகலாமா?

கேள்வி: என் மகள் கேம்பிரிட்ஜில் முதலாண்டு படிக்கிறாள். ஜூன் மாதத்தில் அவளுடைய கல்லூரியில் ‘மே பால்’ என்ற நடன விருந்து விடிய விடிய நடக்குமாம். ஜோடி இல்லாமல் தோழிகளோடு போகிறேன் என்கிறாள். அது முறைதானா? ஜூனில் நடப்பதற்கு ஏன் மே என்று பெயர்?

பதில்: 19-ஆம் நூற்றாண்டில் அது மே மாதத்தில்தான் நடந்தது, அம்மா. பிறகு தேர்வுகள் முடிந்த கையோடு வைத்துக்கொள்ளலாம் என்று ஜூனுக்குத் தள்ளினார்கள். பெயரை மாற்றவில்லை.

மற்றொரு கேள்விதான் எனக்கு முக்கியம். நான் அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, குடியிருந்த வீட்டின் மூதாட்டி தன் தாயாரின் நடன அட்டையைக் காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் மடிப்பு அட்டை. நூலில் தொங்கும் சின்னஞ்சிறு பென்சில். உள்ளே வால்ட்ஸ், போல்கா என்று எண்ணிட்ட வரிசை; ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஆட அழைத்த ஆணின் பெயர். மூன்று வரிகள் காலியாக இருந்தன. அந்த மூன்று ஆட்டமும் முடியும்வரை, துணைக்கு வந்த அத்தையின் அருகில் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாராம். பெண் எழுந்துபோய் ஓர் ஆணை ஆட அழைக்கும் வழக்கம் அன்று இல்லை. அந்த வெற்று வரிகளை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

படிப்பிலும் அதே கதைதான். பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி தொடங்கியது 1869-இல். பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைத்ததோ 1948-இல். ஆண்கள் கல்லூரிகள் சில, மாணவிகளை முதன்முதலில் சேர்த்துக்கொண்டது 1972-இல். அதுவரை அந்த முற்றங்களில் நடந்த விருந்துகளுக்குப் பெண்கள் யாரோ ஒருவருடைய விருந்தாளியாகத்தான் போனார்கள். உங்கள் மகள் தன் சொந்தக் கல்லூரியின் விருந்துக்குப் போகிறாள். தோழிகளோடு தாராளமாகப் போகட்டும்.

இப்போது ஜோடி நடனம் அந்த இரவில் ஒரு சிறு பகுதிதான். இசைக்குழுக்கள், உணவுக் கடைகள், வாணவேடிக்கை, விடியும்வரை தாக்குப்பிடித்தவர்கள் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் புகைப்படம் என்று பொழுது போய்விடும். டிக்கெட் விலைதான் என்னை வருத்துகிறது. அதைக் கொடுக்க முடியாத மாணவர்கள் சிலர் அதே இரவில் பரிமாறும் வேலைக்கு நிற்கிறார்கள்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகலாம். அங்கே ஜூன் மாதத்திலும் பின்னிரவில் குளிரும். ஒரு கம்பளிச் சால்வை எடுத்துப்போகச் சொல்லுங்கள்.