13 புது வீரர்கள், 9 புள்ளிகள்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஃபுட்பால் மேனேஜர் 2024 என்ற கம்ப்யூட்டர் கேமில் இங்கிலாந்தின் ராச்டேல் கிளப்பை எடுத்து, முதல் சீசனிலேயே ஐந்தாம் நிலையான நேஷனல் லீக்கிலிருந்து நான்காம் நிலையான லீக் டூவுக்கு ஏற்றிவிட்டேன். கோடையில் 13 பேரைப் புதிதாகச் சேர்த்தேன். 33 வயது கேப்டனை அனுப்பிவிட்டேன். இப்போது 14 ஆட்டங்களில் 9 புள்ளிகள், 23-ஆம் இடம். போன வருடம் ஜெயித்த அதே கெகன்பிரஸ் (பந்தை இழந்ததும் உடனே நெருக்கிப் பறிக்கும்) டாக்டிக்ஸ்தான். தோற்றால், முன்பே சேமித்து வைத்த சேவ் ஃபைலை எடுத்து அதே ஆட்டத்தை மறுபடி ஆடுகிறேன், அப்படியும் பெரும்பாலும் தோல்விதான். இதை விட்டுவிட்டு மான்செஸ்டர் சிட்டியோடு புதிதாகத் தொடங்கலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அன்புள்ள தம்பி, விட்டுவிடாதீர்கள். நீங்கள் எடுத்திருப்பது சாதாரண கிளப் அல்ல. 1921-ல் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் சேர்ந்து, 102 வருடம் அங்கேயே இருந்து, 2023-ல்தான் முதல்முறையாக வெளியே விழுந்தது ராச்டேல். அதில் 1974 முதல் 2010 வரை 36 சீசன்கள் நான்காம் நிலை லீக்கிலேயே ஓடின. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அந்த ஊர் ரசிகர்களுக்குக் கஷ்டமான சீசன் புதிதில்லை. அவர்களை ஒரே வருடத்தில் லீக் டூவுக்குத் திரும்பக் கூட்டிவந்தவர் நீங்கள். பாதியில் இறங்கிப் போனால் எனக்கே வருத்தமாக இருக்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 46 ஆட்டங்களில் 32 பாக்கி. 24 அணிகளில் கீழே இறங்குவது இரண்டுதான். 50 புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். அதாவது இன்னும் 41 வேண்டும்: 11 வெற்றி, 8 டிரா. மீதி 13-ஐத் தோற்றாலும் பரவாயில்லை. எட்டாத கணக்கா இது?

சரி, தவறு எங்கே நடந்தது? டாக்டிக்ஸில் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு டிரெஸ்ஸிங் ரூமில் என்று தோன்றுகிறது. வீரர்களுக்குள் உள்ள உறவைக் காட்டும் டைனமிக்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அணியின் தலைவர்கள் என்ற இடத்தில் யாராவது இருக்கிறார்களா? அனுப்பிவிட்ட அந்தக் கேப்டன் அங்கேதான் இருந்திருப்பார். அவருடைய ஓட்டம் குறைந்திருக்கலாம். ஆனால் அவர் பேச்சை இளைஞர்கள் கேட்டிருப்பார்கள். புதிதாக வந்த 13 பேர் இன்னும் எந்தக் கூட்டத்தோடும் ஒட்டாமல் இருப்பார்கள். டாக்டிக்ஸ் பழக்கத்தைக் காட்டும் பட்டையும் அவர்களுக்குப் பாதிதான் நிரம்பியிருக்கும். ஒரே கோடையில் மூன்று நான்கு பேருக்கு மேல் முதல் பதினொன்றில் நுழைக்காதீர்கள் என்று இந்த ஆட்டத்தைத் தொடங்கும் எல்லோரிடமும் சொல்வேன். பணம் மிச்சமிருந்தாலும் சரி.

வீரர்களுக்கு கேம் காட்டும் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த நட்சத்திரங்கள் நிலையான அளவுகோல் அல்ல. உங்கள் இப்போதைய அணியோடு ஒப்பிட்டு வீரர்களைத் தேடிப் பார்க்கும் உங்கள் ஸ்கவுட்டோ அசிஸ்டன்ட்டோ சொல்லும் அபிப்பிராயம், அவ்வளவுதான். நேஷனல் லீக் அணியோடு ஒப்பிட்டு மூன்றரை நட்சத்திரம் வாங்கியவன் லீக் டூவில் சுமாரான ஆளாகவே இருப்பான். அதோடு, வீரனை எடைபோடும் திறமையே உங்கள் ஸ்கவுட்டுக்குக் குறைவாக இருந்தால் அந்த மூன்றரையையும் நம்ப முடியாது. இந்த கேமின் முன்னோடியான சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02 ஆடிய காலத்தில் நாங்கள் எல்லோரும் மில்வால் கிளப்பின் இளம் வீரர் செர்னோ சாம்பாவை ஓடி ஓடி வாங்கினோம். ஆட்டத்துக்குள் அவர் கோல் மழை பொழிந்தார். நிஜத்தில் அவர் பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. திறமையைக் கணிப்பது அவ்வளவு கஷ்டமான வேலை. நட்சத்திரத்தை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். கீழ்மட்ட லீக்கில் வேகம், குதிக்கும் உயரம், உழைப்பு, மனஉறுதி இந்த நான்கும் 20-க்கு 12, 13 இருக்கிற ஆள், அழகாகப் பாஸ் கொடுக்கும் 19 வயதுப் பையனைவிட உங்களுக்கு அதிகப் புள்ளி வாங்கித் தருவான்.

கெகன்பிரஸ் போன வருடம் பலித்ததற்குக் காரணம், அந்த லீக்கில் நீங்கள் பலமான அணியாக இருந்ததுதான். இப்போது நீங்கள் பலவீனமான அணி. உயரமான தடுப்பு வரிசைக்குப் பின்னால் எதிரணி பந்தைத் தூக்கிப் போட்டு ஓடுகிறது, உங்கள் சென்டர் பேக்குகள் துரத்துகிறார்கள். 70-ஆம் நிமிடத்துக்கு மேல்தான் அதிகக் கோல் வாங்குகிறீர்களா என்று பாருங்கள், ஆமென்றால் ஆட்கள் களைத்துப்போகிறார்கள். ஃபார்மேஷனை மாற்ற வேண்டாம், பழக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அணியின் தாக்கும் மனநிலையை ஒரு படி இறக்குங்கள், தடுப்பு வரிசையைக் கொஞ்சம் கீழே கொண்டுவாருங்கள், பிரஸ்ஸிங்கைக் குறையுங்கள். அப்புறம் கார்னர்கள். வாராந்தரப் பயிற்சியில் கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட் பீஸுக்கு ஒரு நேரம் ஒதுக்கி, உயரமான ஆளை முதல் கம்பத்துக்கு அனுப்புங்கள். 1-0 என்று ஜெயிக்கும் அணிகள் பல இப்படித்தான் ஜெயிக்கின்றன.

ஜனவரியில் ஒரே ஒரு சென்டர் பேக் போதும், கிளப் இல்லாமல் இருக்கும் 30 வயதுக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. வேறு கிளப்பிலிருந்து லோனில் (தற்காலிகமாக) கூட்டிவர நினைத்தால், ஒரு ஆட்டத்துக்கான அணியில் 5 லோன் வீரர்களுக்குத்தான் இடம் என்பதை மறக்காதீர்கள். ஒப்பந்தம் போடும்போது ‘மேலே ஏறினால் சம்பள உயர்வு’ என்ற வரியை நீக்கப் பாருங்கள். உங்கள் பழைய வீரர்கள் பலருக்கு அந்த வரி இருந்திருக்கும், சம்பள பட்ஜெட் இறுகியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசியாக, அந்தப் பழைய சேவ். அதைச் சொல்லி வெட்கப்பட வேண்டியதில்லை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் அது ஏன் உதவவில்லை என்று யோசியுங்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டம் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. மாறுவது அதிர்ஷ்டம் மட்டும்தான், அணி அதேதான். பத்து முறை ஆடி ஒருமுறை ஜெயித்தால், மீதி ஒன்பது தோல்விகள் சொன்ன பாடத்தை அழித்துவிடுகிறீர்கள். நான் கீழே இறங்கிய ஒரு சீசனின் கடைசி ஆட்டம், கோல் அடித்தவன் பெயர் உட்பட, இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. திரும்ப ஆடி ஜெயித்த ஆட்டங்களில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. ஒரே ஒரு சேவ் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள், அதன் மேலேயே சேமியுங்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். போன வருடம் உங்களோடு மேலே ஏறியவர்களில் மனஉறுதியும் தலைமைப் பண்பும் அதிகம் உள்ள ஒருவரைக் கேப்டனாக்குங்கள். ஒரு டீம் மீட்டிங் வையுங்கள், கோபப்படாமல் பேசுங்கள். முதல் பதினொன்றில் பழைய ஆட்கள் ஏழு பேராவது இருக்கட்டும்.