பழைய பென்டியம் எம் லேப்டாப்பில் கர்னல் கம்பைல் ஏன் பாதியில் நிற்கிறது?

512 எம்பி ரேம் உள்ள பென்டியம் எம் (இன்டெலின் பழைய லேப்டாப் ப்ராசஸர்) லேப்டாப்பில் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கம்பைல், அதாவது சோர்ஸ் கோடை இயங்கும் நிரலாக மாற்றும் வேலை, பாதியில் நின்றுவிடுகிறது, எப்படியோ முடிந்தாலும் பூட் ஆவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறுகள், தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பாதியில் நின்றதும் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். திரும்பத் திரும்ப ஒரே வரியில் நின்றால் சோர்ஸ் கோடிலோ ஜிசிசி (கம்பைலர்) பதிப்பிலோ சிக்கல். ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (தவறான நினைவக அணுகல் பிழை) வந்தால் ரேமைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். சாதாரண வேலையில் தெரியாத ரேம் கோளாறு, மணிக்கணக்காக ஓடும் கம்பைலில் வெளியே வந்துவிடும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். ரேம் நன்றாக இருந்தால் அடுத்தது சூடு: ஃபேனில் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட். வெறும் 'கில்டு' என்று வந்தால் நினைவகம் போதவில்லை. ஸ்வாப்பைக் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) கூட்டி, இணையாக ஓடும் வேலைகளை ஒன்றாகக் குறைத்து, கான்ஃபிகில் (கர்னல் அமைப்புக் கோப்பு) டீபக் இன்ஃபோவை (பிழை தேட உதவும் கூடுதல் தகவல்) அணைத்துவிடுங்கள். துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கடைசி லிங்க் கட்டத்தில் அது நிறைய ரேமைத் தின்னும்.

இனி பூட். கான்ஃபிகில் பிஏஇ (4 ஜிபிக்கு மேல் ரேமை அணுக உதவும் வசதி) இயக்கியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். ஆரம்பகாலப் பென்டியம் எம் சிப்கள், குறிப்பாக பனியாஸ் வகை, பிஏஇ வசதி இருந்தும் அதை சிபியுஐடியில் (சிப் தன் வசதிகளைச் சொல்லும் கட்டளை) காட்டுவதில்லை. அதனால் கர்னல் 'பிஏஇ இல்லை' என்று நின்றுவிடும். கர்னல் 3.15 பதிப்பு முதல் பூட் வரியில் 'ஃபோர்ஸ்பிஏஇ' என்று சேர்த்து அதைத் தாண்டலாம். 512 எம்பிக்கு பிஏஇ எதற்கு? அணைத்துவிட்டு, ப்ராசஸர் குடும்பமாகப் பென்டியம் எம்மையே தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், அந்த லேப்டாப்பிலேயே கம்பைல் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதில் யூஎஸ்பி, வைஃபை எல்லாவற்றையும் செருகி, 'எல்எஸ்மாட்' பட்டியலையும் (ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்கள், அதாவது கர்னலின் தனித்துண்டுகள்) கான்ஃபிகையும் எடுத்துக்கொள்ளுங்கள். 64 பிட் கணினியில் அந்தப் பட்டியலைக் கொடுத்து 'லோக்கல்மாட்கான்ஃபிக்' ஓட்டினால் தேவையில்லாத மாட்யூல்கள் கழிந்துவிடும். ஒவ்வொரு மேக் (கம்பைலை ஓட்டும்) கட்டளையிலும் ஆர்ச் (ப்ராசஸர் வகை) மதிப்பை ஐ386 என்று கொடுக்க மறக்காதீர்கள். லேப்டாப்பில் இருப்பது டெபியன் லினக்ஸ் என்றால் 'பின்டெப்-பிகேஜி' இலக்கில் கிடைக்கும் பொதியை லேப்டாப்பில் நிறுவினால் போதும். புதியது பூட் ஆகும்வரை பழைய கர்னலை நீக்காதீர்கள்.