சரிவு நிலத்து மரக்கன்றுகளுக்கு டிராக்டர் பம்பு: ஓடையிலிருந்து நீர் ஏறாததற்குக் காரணம்

வணக்கம் ஐயா. சேலத்தில் ஏழு மீட்டர் ஆழத்திலிருந்து நன்றாக இழுத்த அதே பி.டி.ஓ. பம்பு (டிராக்டர் எஞ்சினின் சுழற்சியை வெளியே தரும் தண்டால் ஓடுவது), ஏற்காட்டில் வண்டித்தடத்திலிருந்து அதே ஆழத்தில் உள்ள ஓடை நீரை இழுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பம்பு பழுதாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உறிஞ்சுகுழாயில் நீரை மேலே தள்ளுவது காற்றழுத்தமே. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், அங்கே ஐந்து மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். புட் வால்வையும் (உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் நீர் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு) குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிராக்டர் ஓடைக்கருகே இறங்க வழியில்லாததால், கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய பெட்ரோல் பம்பை ஓடைக்கரையில் வைத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டு, பி.டி.ஓ. பம்பைக் கன்றுகளுக்கு நீர் தள்ளுவதற்கு மட்டும் பயன்படுத்துவதே நல்லது. அழுத்தத்தால் தள்ளுவதற்கு அந்த உயரத் தடை கிடையாது. பத்து மீட்டர் ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தேவை, குழாய் உராய்வுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 120 சில்வர் ஓக் கன்றுகளுக்குத் தலா 15 லிட்டர் என்றால் 1,800 லிட்டர், அதாவது 1.8 டன் எடை. பாதி நிரம்பிய ஒரே பெரிய தொட்டி வளைவில் அலம்பி டிரெய்லரைச் சாய்த்துவிடக்கூடும். ஆயிரம் லிட்டர்த் தொட்டிகள் இரண்டைத் தாழ்வாகக் கட்டி, ஒன்றை முழுதாகக் காலி செய்த பிறகே மற்றதைத் திறவுங்கள். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். உறையில்லாமல் ஓட்டாதீர்கள், வேட்டியோடு அருகில் போகவே வேண்டாம்.