அறிவிப்புப் பலகைக்கு வராத வாய்ப்புகள்: சிறிய கல்லூரி மாணவர்களுக்கான கேள்வி பதில்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில், அதிலும் சில நூறு மாணவர்கள் மட்டுமே படிக்கும் இணைப்புக் கல்லூரிகளில், கோடைக்கால ஆய்வுப் பயிற்சி, உதவித்தொகை, நுழைவுத்தேர்வு ஆகியவை பற்றிய செய்தி பெரும்பாலும் கடைசி நாள் கடந்த பிறகே வந்து சேர்கிறது. அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே, இத்தகைய அறிவிப்புகளைத் திரட்டி மாணவர்களிடம் சேர்க்கும் வேலையையும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். மாணவர்களும் சில ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, நான் இளங்கலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கோடை விடுமுறையில் பெரிய ஆய்வு நிறுவனத்தில் பயிற்சி பெற விரும்புகிறேன். ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. நம் மாணவர்கள் ஆண்டுதோறும் தவறவிடுவது இந்த ஒரு செய்தியைத்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கோடையில் நடக்கும் பயிற்சிக்கான விண்ணப்பம் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஆண்டு முடிவதற்குள்ளேயே கோரப்படுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் (Indian Academy of Sciences), புதுதில்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைத் திட்டத்திற்கு அக்டோபர், நவம்பர் வாக்கில் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். தேர்வு பெற்றவர் இரண்டு மாதங்கள் ஓர் அறிவியலாளரின் ஆய்வகத்தில் பணியாற்றுவார். உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும், மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் இதைப் போன்ற கோடைத் திட்டங்களைத் தனித்தனியே நடத்துகின்றன. ஆகவே, நீங்கள் மூன்றாம் செமஸ்டர் படிக்கும்போதே மதிப்பெண் பட்டியல்களை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, பரிந்துரைக் கடிதம் தரப்போகும் ஆசிரியரிடமும் பேசிவிட வேண்டும்.

இதில் எந்த ஆய்வு செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு சிறு குறிப்பும் கேட்பார்கள். அங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நானோ துகள்கள் பற்றி எங்கிருந்தோ எடுத்த ஐந்து வரிகளை ஒட்டி அனுப்புவதைவிட, உங்கள் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் கொண்டு செய்த சோதனையில் விடை ஏன் எதிர்பார்த்தபடி வரவில்லை என்று நீங்கள் யோசித்ததை எழுதுவது மேல். நூற்றுக்கணக்கான குறிப்புகளைப் படிக்கும் ஒருவருக்கு எது சொந்தமாக எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் கல்லூரிப் பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எங்கள் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்திற்கு மதிப்பு இருக்குமா?

கல்லூரியின் பெயர் சிறிதும் பொருட்டில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வகுப்பில் 20 பேர் படிக்கும் கல்லூரிக்கு, பெரிய கல்லூரிக்கு இல்லாத ஒரு பலம் உண்டு: ஆசிரியருக்கு உங்களை உண்மையிலேயே தெரியும். "நல்ல மாணவி, ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்ற மூன்று சொற்கள் எல்லாக் கடிதத்திலும் இருப்பதால் அவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. "மின்சுற்றுப் பரிசோதனையில் பழுதான மீட்டரைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்தார்" என்று ஒரு வரி இருந்தால் அது நிற்கும். எனவே கடிதம் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் செய்த செய்முறைகள், நடத்திய கருத்தரங்க வகுப்பு, படித்த நூல்கள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்து, கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகக் கேளுங்கள். "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். அந்தக் கடிதங்களில் ஒன்றுகூடப் பயன் தந்ததாக எனக்கு நினைவில்லை.

கணிதம் படிப்பவர்களுக்குத் தனியாக ஏதேனும் உண்டா?

உண்டு, அதுவும் மிக நல்லதாகவே உண்டு. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறனறித் திட்டம், எம்டிடிஎஸ் என்ற பெயரில், நாட்டின் பல மையங்களில் கோடை முகாம்களை நடத்துகிறது. அங்கே ஆசிரியர் பலகையில் எழுத, மாணவர்கள் பார்த்து எழுதிக்கொள்வது என்பது கிடையாது. ஒரு வரையறையைச் சொல்லிவிட்டு, "இது ஏன் இப்படி இருக்க வேண்டும்?" என்று கேள்வியைத் திருப்பி மாணவரிடமே வீசுவார்கள். தேற்றங்களை மனப்பாடம் செய்து பல்கலைக்கழகத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்களுக்கு முதல் வாரம் கசப்பாகத்தான் இருக்கும். போய் வந்த மாணவர்கள் வகுப்பில் என்னையே குறுக்குக் கேள்வி கேட்கத் தொடங்கியதைப் பார்த்துத்தான் இத்திட்டத்தின் மீது எனக்கு மரியாதை வந்தது.

இயற்பியல், வேதியியல் போன்ற பாடங்களைப் படிப்பவர்கள் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் இளநிலை அறிவியலுக்கான தேசிய முன்முயற்சி முகாம்களையும் கவனிக்க வேண்டும். இளங்கலையின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே அவை நடத்தப்படுகின்றன.

ஜாம் தேர்வு எழுதினால்தான் ஐஐடியில் எம்.எஸ்சி. கிடைக்குமா? எங்கள் பாடத்திட்டத்தை மட்டும் படித்தால் போதுமா?

ஐஐடிகளின் எம்.எஸ்சி. இடங்களுக்கு ஜாம் தேர்வே முதன்மை வழி. இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், புவியமைப்பியல், உயிரித் தொழில்நுட்பம், பொருளியல் ஆகிய ஏழு தாள்களில் உங்களுக்குரியதைத் தேர்ந்து எழுதலாம். வயது வரம்பு இல்லை. மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண். செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் தொடங்கும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும்.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை, தலைப்புகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கேட்கும் முறைதான் வேறு. நம் செமஸ்டர் தேர்வு "வருவி" என்று கேட்கும். ஜாம் அந்தச் சமன்பாட்டை வைத்துக்கொண்டு ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும். ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் 30, ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கக்கூடிய வினாக்கள் 10, விடையை எண்ணாகவே தட்டச்சு செய்ய வேண்டியவை 20 என்று தாள் அமைந்திருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைவது முதல் வகையில் மட்டுமே. ஆகவே மற்ற இரு வகைகளில் வினாவைக் காலியாக விட்டு வருவது வெறும் கூச்சம். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டு விடுமுறையிலிருந்து வாரம் ஒன்று என்று போட்டுப் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலை இடங்களுக்கு 2022 முதல் க்யூட் பிஜி என்னும் பொதுத் தேர்வு நடக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுவது நல்லது.

என்பிடெல் சான்றிதழ் வாங்கினால் பயன் உண்டா, ஐயா? எங்கள் துறையில் எல்லோரையும் சேரச் சொல்கிறார்கள்.

ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்னும் இணையவழிக் கல்வித் திட்டத்தில் பாடத்தில் சேர்வதும் காணொளிகளைப் பார்ப்பதும் இலவசம். தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். வார ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிந்திருக்கும். ஒப்படைப்பில் 10-உம் தேர்வில் 30-உம் எடுத்தால்தான் சான்றிதழ். ஒப்படைப்பு விடைகளை வாட்ஸ்அப் குழுவில் வாங்கிப் போடுகிறவர்கள் தேர்வில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

சான்றிதழைவிட கிரெடிட்தான் முக்கியம். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடு வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் ஸ்வயம் தளத்தின் வழியே படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை எதற்கு ஈடாக ஏற்கிறது என்பதைச் சேர்வதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாடத்தை முடித்த பிறகு, "இது நம் பட்டியலில் இல்லையே" என்று கேட்டு நின்ற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பி.ஏ. படித்துக்கொண்டே சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். படிப்பிலும் சேரலாமா?

சேரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிப்பதை மானியக் குழு 2022-இல் அனுமதித்தது. தரவு அறிவியலுக்கான அந்தப் படிப்பிற்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து, நேரில் சென்று எழுதும் தகுதித் தேர்வில் தேறினால் இடம் உண்டு. இடையில் நிறுத்திக்கொண்டாலும் சான்றிதழ், டிப்ளமா என்ற நிலைகளில் வெளியேற வழி இருக்கிறது. அரியர் வைத்திருப்பவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு இதைப் பற்றி யோசிக்கலாம்.

தமிழ் இலக்கியம் படிக்கிறேன். இந்தப் பட்டியலில் எங்களுக்கு ஒன்றுமே இல்லையே?

உங்கள் கோபம் நியாயமானது. அறிவியலுக்கு இருப்பதைப் போல ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் கோடைத் திட்டங்கள் மொழிப் பாடங்களுக்கு மிகக் குறைவு. ஆனால் உங்கள் ஆய்வகம் நூலகம்தான், அது தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில், பழைய இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும்கூடப் பாதுகாக்கப்படுகின்றன. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றவை. பயணச் செலவுக்கு வழியில்லை என்றால், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் பல்லாயிரம் பழைய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இறுதியாண்டுத் திட்டக்கட்டுரைக்கு "சங்க இலக்கியத்தில் இயற்கை" போன்ற தேய்ந்த தலைப்பை விட்டுவிட்டு, உங்கள் வட்டாரத்தில் ஒரு காலத்தில் வெளிவந்து நின்றுபோன ஒரு சிற்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இதழ்களைத் தேடி, ஆசிரியர் குழுவில் உயிரோடு இருப்பவர்களைச் சந்தித்து எழுதினால், அது பின்னால் முனைவர் பட்டத்திற்கே அடிப்படையாக அமையக்கூடும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வாக ஆண்டுக்கு இருமுறை நடக்கும் நெட்டிலும் தமிழ் ஒரு பாடம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓர் ஆய்விதழிலிருந்து என் கட்டுரையை ஒரு வாரத்தில் வெளியிடுவதாக மின்னஞ்சல் வந்துள்ளது. பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். உங்கள் கட்டுரையைத் துறை அறிந்த இருவர் படித்து, குறை சொல்லி, நீங்கள் திருத்தி, மீண்டும் அனுப்பும் வேலை ஒரு வாரத்தில் நடக்காது. நம்பத்தக்க இதழ்களுக்காக மானியக் குழு 2019 முதல் வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 தொடக்கத்தில் கைவிடப்பட்டுவிட்டது; எனவே "பட்டியலில் உள்ள இதழ்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அதற்கும் மயங்க வேண்டாம்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறேன். வேறு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் இது நின்றுவிடுமா?

நிற்காது. வேறு உதவித்தொகை பெறுபவர்களும் இதைப் பெறலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த உங்கள் வகுப்பு ஆண் மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கப் பணம் கேட்கிறது. எங்கள் நூலகத்தில் இதழ்களே இல்லை.

முதலில் நூலகரிடம் போய், "நம் கல்லூரி என்-லிஸ்டில் உறுப்பினரா?" என்று கேளுங்கள். ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினரான கல்லூரியின் மாணவருக்கு ஆயிரக்கணக்கான மின்னிதழ்களும் மின்னூல்களும் கிடைக்கும். கடவுச்சொல்லை யாரும் கேட்காததால் நூலகரின் கணினியிலேயே அது உறங்கிக்கொண்டிருப்பதும் உண்டு. அரசுக் கல்லூரி என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் உங்கள் கல்லூரி இணைந்துள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் ஒரு சிறு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். மாணவரை வெளியே அனுப்புவது இருக்கட்டும், அறிஞர்களை இங்கே வரவழைக்க நிதி கிடைக்குமா?

கிடைக்கும். முதலில் சொன்ன மூன்று அறிவியல் கழகங்களும் கல்லூரிகளில் இரண்டு, மூன்று நாள் விரிவுரைப் பயிலரங்குகளை நடத்த உதவுகின்றன. அவர்களது கோடைத் திட்டத்தில் ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருமுறை நீங்களே போய் வந்தால், அடுத்த ஆண்டு பயிலரங்கிற்கு யாரை அழைக்கலாம் என்று தெரிந்துவிடும். இறுதியாண்டுத் திட்டப்பணிகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் நிதி தருகிறது. உங்களிடம் இல்லாத கருவிக்காகத் திட்டப்பணியைச் சுருக்க வேண்டாம்: சென்னை ஐஐடியில் உள்ள நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையத்திற்கு மாதிரியை அனுப்பிக் கட்டணம் செலுத்தி அளந்து பெறலாம்.

எங்கள் மாணவர் மன்றம் மாதம் ஒருமுறை கல்லூரிச் செய்தித்தாள் கொண்டுவர நினைக்கிறது. என்ன போடலாம்?

முதல்வர் குத்துவிளக்கு ஏற்றிய படத்தைக் கடைசிப் பக்கத்திற்கு அனுப்புங்கள். முதல் பக்கத்தில் அடுத்த 60 நாள்களில் முடியும் விண்ணப்பங்கள், கடைசி நாள், யாருடைய கையெழுத்து வேண்டும், போனஃபைடு சான்றிதழ் தேவையா என்ற விவரங்கள் இருக்கட்டும். முதல்வர் ஊரில் இல்லாத நாளில் முத்திரை கிடைக்காமல் போன விண்ணப்பங்கள் எத்தனையோ. அடுத்த பக்கத்தில், போய் வந்த மாணவர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள்: எங்கே தங்கினார், சாப்பாட்டுக்கு என்ன செய்தார், ஆங்கிலத்தில் பேசத் தயங்கியபோது எப்படிச் சமாளித்தார் என்பதெல்லாம் வரட்டும். மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் அதைத்தான் படிப்பார்கள். விண்ணப்பித்துக் கிடைக்காதவர்களையும், அவர்கள் சம்மதித்தால், எழுதச் சொல்லுங்கள். எங்கள் கல்லூரியில் அப்படி எழுதிய ஒரு மாணவர் தாம் அனுப்பிய ஆய்வுக் குறிப்பையே அப்படியே அச்சிடக் கொடுத்தார். அடுத்த ஆண்டு விண்ணப்பித்த ஐந்து பேரும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தங்கள் குறிப்பை எழுதினார்கள்.