மொச்சை பிதுக்க உட்காரவையுங்கள்

வணக்கம் ஐயா,

என் மகனோடு வேலை பார்க்கும் ஜப்பானியரும் அவர் மனைவியும் பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். காரம் தாங்குவார்களா, தரையில் உட்காருவார்களா என்று வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெரிய ஹோட்டலுக்கே கூட்டிப்போய்விடலாம் என்கிறான் மகன். எனக்கு மனமில்லை. என்ன சமைப்பது?

ஒரு வாசகி, ஜெயநகர், பெங்களூரு

வணக்கம் அம்மா,

தரையில் உட்காருவதை ஜப்பானியருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை, இப்போது முட்டி மடங்காதது நமக்குத்தான்.

ஹோட்டல் வேண்டவே வேண்டாம். நான் அந்தத் தப்பைச் செய்தவன். சில வருடம் முன்பு எங்கள் மாடியில் குடியிருந்த ஜப்பானியரை ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப்போய் பன்னீர் பட்டர் மசாலா வாங்கிக்கொடுத்தேன். மரியாதைக்குச் சாப்பிட்டார். இது டோக்கியோவிலும் கிடைக்கும் என்று பிறகு மெதுவாகச் சொன்னார். அதே மனிதரை, கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, பசவனகுடியில் நடக்கும் கடலைக்காய் பரிஷைக்கு, அதாவது நிலக்கடலைச் சந்தைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். பெரிய நந்தி கோயில் ரோட்டில் இரண்டு பக்கமும் நிலக்கடலைக் குவியல், நடுவே நகர இடமில்லாத கூட்டம். அவித்த கடலை ஒன்றை உடைத்து வாயில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்குச் சொந்த ஊர் சிபா. ஜப்பானில் கடலை அதிகம் விளைவது அங்கேதான், புதுக்கடலை வந்ததும் ஓட்டோடு அவித்துத் தின்பார்களாம். அன்று அவர் இரண்டு சேர் வாங்கினார், நான் ஒன்று.

சரி, ஜனவரியில் பரிஷை முடிந்திருக்கும். மொச்சை இருக்கிறதே! மாகடிப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காலம் அது. கடையில் அவரேகாய் என்று கேளுங்கள் (இங்கே வந்த புதிதில் பொரியலுக்கு அவரை வாங்கப்போய் மொச்சையோடு திரும்பியவன் நான்). பனி விழுந்தால்தான் மணம் ஏறும் என்பார்கள் விற்கிற அம்மாக்கள். காயைத் தொட்டாலே விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், அந்த வாசனை சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாது.

முதல் நாளே உரித்து இரவு ஊறப்போடுங்கள். விருந்தாளிகளைச் சாப்பாட்டு நேரத்துக்கு அழைக்காமல் காலை பத்து மணிக்கே வரச்சொல்லி, ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்துப் பிதுக்க உட்காரவையுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பருப்பு சளுக்கென்று துள்ளி கிண்ணத்தில் விழும், பாதி சோபாவுக்கு அடியில் போகும். கிருஷ்ணகிரிப் பக்கம் இதைப் பிதுக்கம்பருப்பு என்கிறோம், கன்னடத்தில் ஹிதகபேளே, இரண்டுமே பிதுக்குவதால் வந்த பெயர். பாஷை தெரியாதவர்கள் ஒரு மணி நேரம் சங்கடமில்லாமல் சேர்ந்து உட்கார இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் தேங்காய் அரைத்துக் குழம்பு, கூடவே ஒரு சின்ன உருண்டை ராகிக் களி. மிளகாயைப் பாதியாக்கினால் போதும், தனிச் சமையல் எதற்கு? பக்கத்து வீட்டிலிருந்து எள்ளு பெல்ல (எள், வெல்லம், கடலை சேர்ந்த சங்கராந்திக் கலவை) வரும், அதை நீட்டும் முன் எள்ளும் கடலையும் ஒத்துக்கொள்ளுமா என்று கட்டாயம் கேட்டுவிடுங்கள், ஒவ்வாமை இருந்தால் உயிருக்கே ஆபத்து.

குழம்பில் பூண்டும் பெருங்காயமும் தாராளமாக இருக்கட்டும். மொச்சை வாயு. மறுநாள் அவர் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார வேண்டியவர்.