என் சிலிண்டரில் உள்ள கலவை கேஸ் கலிப்ரேட்டரின் பட்டியலில் இல்லை. நானே எப்படிப் பதிவது?

அளவு தெரிந்த கேஸைக் கொடுத்து, வாயு அளக்கிற மீட்டரைச் சரிப்படுத்துகிற கருவிதான் கலிப்ரேட்டர். அதற்கு வழக்கமான, நாலு கேஸ் கலந்த சிலிண்டர் கிடைக்காமல் வேறு கலவை வாங்கியிருப்பீர்கள். நாளைக்கே வேலை இருக்கும். பட்டியலில் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று இருக்கிறதே, அதையே தெரிவு செய்துவிடலாமா என்று மனம் சொல்லும். செய்யாதீர்கள். நான் செய்திருக்கிறேன்.

2022, டொலர் தட்டுப்பாட்டுக் காலம். கிராண்ட்பாஸில் ஒரு சின்ன வேர்க்‌ஷொப்பில் மீட்டர்களுக்குக் கலிப்ரேஷன் செய்துகொண்டிருந்தேன். நாங்கள் பாவிக்கிற சிலிண்டர் எங்குமே இல்லை. கடைசியில் கிடைத்ததில் ஐதரசன் சல்பைட்டு என்கிற நச்சு வாயு 25 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு. கலிப்ரேட்டரில் ஏற்கெனவே இருந்த பதிவில் 20. மற்ற மூன்று கேஸும் ஒன்றேதான். புதிதாகப் பதியப் பத்து நிமிடம் போதும், அந்தப் பத்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. ஆறு மீட்டரும் பாஸ். ஸ்டிக்கர் ஒட்டிக் கட்டிவைத்தேன். காலையில் முகத்துவாரம் பக்கம் மேன்ஹோலில் இறங்கப்போகிறவர்களுக்கு அவை.

ஹட்டனிலிருந்து வந்து எங்களிடம் வேலை பழகிய தம்பிதான் பிடித்தான். ஒரு பழைய சிலிண்டரில் 20 பிபிஎம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பழகிப் பார்க்க அதை நான் செய்த ஒரு மீட்டருக்குக் கொடுத்திருக்கிறான். "அண்ணே, இது 16தான் காட்டுது" என்றான். சென்சர் பழசு என்றேன். இன்னொன்றை எடுத்தான், அதுவும் 16. அப்போதுதான் புதிய சிலிண்டரின் சான்றிதழை எடுத்து வாசித்தேன். 25 இருக்கிற இடத்தில் 20 என்று மீட்டருக்குப் பழக்கிவிட்டேன். 10இல் அடிக்க வேண்டிய அலாரம் 12.5இல்தான் அடிக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆறையும் திரும்பச் செய்தோம்.

இரண்டரை பிபிஎம்முக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அளவு சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 100 பிபிஎம் அளவில் இந்த வாயு மூக்கையே மரத்துப்போக வைக்கும், நாற்றம் போய்விட்டது என்று மனிதன் நம்புவான். பிறகு அவனுக்கு இருப்பது அந்த மீட்டர் மட்டும்.

ஆகவே புதிதாகவே பதியுங்கள். கஸ்டம் கேஸ் பகுதியில் ஒவ்வொரு வாயுவுக்கும் சான்றிதழில் அளந்து எழுதிய எண்ணைப் போடுங்கள், கடைக்காரர் சொன்னதை அல்ல. லொட் இலக்கம், காலாவதித் திகதியும் சேர்த்து. ஐதரசன் சல்பைட்டு சிலிண்டருக்குள்ளேயே மெல்ல மெல்லக் குறைந்துபோகிற சாமான், திகதி தாண்டினால் பாவிக்க வேண்டாம். ரப்பர் குழாயும் அதை உறிஞ்சிக்கொள்ளும், மீட்டரோடு வந்த குழாயையே கட்டையாக வெட்டிப் போடுங்கள்.

மெதேனில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிலிண்டரில் 2.5 வீதம் என்று இருக்கும், மீட்டர் எல்.இ.எல். வீதம் கேட்கும். எல்.இ.எல். என்பது காற்றில் அந்த வாயு தீப்பற்றக்கூடிய ஆகக் குறைந்த அளவு, அதை 100 என்று வைத்துத்தான் மீட்டர் காட்டும். மெதேனின் எல்.இ.எல். 5 வீதம் என்று எடுக்கிற மீட்டரில் அது 50. 4.4 என்று எடுக்கிற மீட்டரில் ஏறக்குறைய 57. இரண்டு மாதிரி மீட்டரும் கொழும்பில் ஓடுகின்றன. எந்த அடிப்படை என்று மீட்டரின் செட்டிங்கில் பார்த்த பிறகே எண்ணைப் போடுங்கள். இன்னொன்று: மெதேனும் நைதரசனும் மட்டும் உள்ள சிலிண்டர் என்றால் எரித்து அளக்கிற சென்சருக்கு அது ஒத்துவராது. எரிய ஒட்சிசன் வேண்டுமே. சென்சர் செத்துவிட்டது என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்.

பதிந்து முடிந்ததும் ஒரே ஒரு மீட்டரை மட்டும் செய்து, வேறு சிலிண்டரில் சரிபாருங்கள். அந்தத் தம்பி தற்செயலாகச் செய்ததை நீங்கள் வேண்டுமென்றே செய்யுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. என் கைக்கு வருகிற மீட்டரின் புத்தகமும் எச்சரிக்கை ஸ்டிக்கரும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் மட்டும்தான். குழிக்குள் இறங்குகிறவருக்குத் தமிழோ சிங்களமோதான் வாசிக்கத் தெரியும். "அலாரம் அடித்தால் உடனே மேலே வரவும்" என்று இரண்டு மொழியிலும் நானே அச்சடித்து ஒவ்வொரு மீட்டரின் முதுகிலும் ஒட்டி அனுப்புகிறேன். அது என் வேலையில்லை என்று சொன்னவர்களும் உண்டு. இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் சான்றிதழில் உள்ள எண்களையும் மீட்டரின் எல்.இ.எல். அடிப்படையையும் எழுதுங்கள், என்ன பதிய வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.